‘ஏன் கழுவுகிறாய்?’ என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் எண்ணச் சுழற்சி நோய் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஓசிடி என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசியில் ஒரு வரி: இதற்கும் மனச்சிதைவு நோய்க்கும் (ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள்; இல்லாத குரல்கள் கேட்பது, யாரோ தனக்கு ஏதோ செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது) எந்தச் சம்பந்தமும் இல்லை, பெற்றோர் பயப்பட வேண்டாம் என்று. பயப்பட வேண்டாம் என்பது சரி. எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது சரியில்லை. அந்த ஒரு நம்பிக்கையால் எங்கள் வீட்டில் பத்து மாதம் வீணாய்ப் போனது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் அரசுப் பேருந்தில் 28 ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் திண்டுக்கல் பக்கம். மகள் செவிலியர். மகனுக்கு இப்போது 24 வயது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். “பேரு மட்டும் போட வேணாம்ப்பா. மத்ததெல்லாம் எழுதுங்க” என்றான்.

அவன் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது. 2017 கடைசி என்று நினைக்கிறேன். நான் வேலை முடிந்து வந்தால் என் தோல் பையைக் கூடத்து ஆணியில் மாட்டுவேன். ஒருநாள் அதை எடுத்துத் திண்ணையில் மாட்டியிருந்தான். அப்புறம் திண்ணையிலும் வேண்டாம், வெளிச் சுவரில் மாட்டுங்கள் என்றான். பையைத் தொட்ட கையோடு நான் கதவைத் தொட்டால் கதவைக் கழுவுவான். நாலு ஊர் ஜனம் தொட்ட சில்லறை, நோட்டு. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். சொந்தக்காரர்களும் “சுத்தக்காரப் பையன்” என்று மெச்சினார்கள். ஒரு சோப்பு இரண்டு நாளில் கரைந்தது. விரல் மூட்டுகளில் தோல் வெடித்து, சாதம் பிசையும்போது எரிகிறது என்று கரண்டியால் சாப்பிட்டான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வன்று காலை நாலு மணிக்குக் குளியலறைக்குள் போனவன் ஏழரைக்கு வெளியே வந்தான்.

அப்போது ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று, “ஏன்டா இவ்வளவு நேரம்?” என்று கேட்டேன். உள்ளேயிருந்து அழுதுகொண்டே பதில் சொன்னான். “கையில ஒண்ணும் இல்லன்னு எனக்கே தெரியுதுப்பா. ஆனா கழுவலன்னா அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிடும்னு தோணுது. இது முட்டாள்தனம்னு தெரியுது. நிறுத்த முடியல.”

இந்தப் பதிலைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது முழுவதும் இதைச் சுற்றித்தான் இருக்கிறது.

மருத்துவரிடம் போனோம். ஓசிடி என்றார். ஃப்ளூவாக்சமின் என்ற மாத்திரை எழுதினார். இதற்கு மருந்து வேலை செய்ய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும், பத்து நாளில் விட்டுவிடாதீர்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். அவன் “அம்மா, நான் கதவத் தொட்டேனா?” என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்பான், இவளும் நாற்பது முறையும் “இல்லடா கண்ணு” என்பாள். அந்தப் பதிலே நோய்க்குத் தீனி, மெல்ல மெல்லக் குறையுங்கள் என்றார். என் மனைவிக்கு அது மாத்திரையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் செய்தாள். 2019-ல் கல்லூரியில் சேர்ந்தபோது பாதிக்கு மேல் தேறியிருந்தான். மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்தார்.

பிறகு 2020 மார்ச். பேருந்துகள் நின்றன. அவன் விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தான். தொலைக்காட்சியைப் போட்டால் கையைக் கழுவு, 20 விநாடி கழுவு. “ஊரே இப்ப நம்ம புள்ள மாதிரி ஆயிடுச்சு” என்று என் மனைவி சொன்னாள். அவன் மறுபடி கழுவ ஆரம்பித்தது எங்களுக்கு விசேஷமாகத் தெரியவில்லை. நண்பர்கள் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும்தான் அறைக்குள் கிடக்கிறார்கள் என்றோம். ராத்திரி தூங்கவில்லை. ஆன்லைன் வகுப்பு, போன், அதனால்தான் என்றோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் தயாராக இருந்தது.

செப்டம்பரில் வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கின. ஒரு ராத்திரி பேட்டா பணத்திலிருந்து ஒரு இருபது ரூபாய் நோட்டை எடுத்து மேசையில் வைத்து, காலையில் பால் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். நோட்டைத் தொடவே மாட்டான் என்றுதான் நினைத்தேன். அவன் எடுத்தான். டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து எண்ணைப் படித்தான். இரண்டு முறை படித்தான்.

“இத உங்ககிட்ட யாரு குடுத்தா?”

“டிக்கெட் எடுத்தவங்க யாரோ. வத்தலக்குண்டு ட்ரிப்புல வந்திருக்கும்.”

“யாரோ இல்ல. தெரிஞ்சுதான் உங்க கையில குடுத்து அனுப்புறாங்க.”

அப்புறம் போய்க் கழுவினான். எப்போதும் போல நெடுநேரம். வெளியே வந்தபோது அவன் அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. “எதுக்குடா கழுவின?” என்றேன். “நம்பர் கையில ஒட்டிக்கும். அத வச்சுத்தான் நான் நினைக்கிறத எடுக்குறாங்க.”

கழுவியது அதே கை. அதே சோப்பு, அதே குழாய், அதே முக்கால் மணி நேரம். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பதில் மாறிவிட்டது. முன்பு அது அவனுடைய எண்ணம். அவனுக்கே பிடிக்காத, அவனே முட்டாள்தனம் என்று சொன்ன எண்ணம். இப்போது அது யாரோ வெளியிலிருந்து செய்வது. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

நான் அதைக் கேட்டேன், ஆசிரியர் அவர்களே. என் காதால் கேட்டேன். அடுத்த வாரம் மருத்துவரிடம் போனபோது என்ன சொன்னேன் தெரியுமா? “கழுவறது ஜாஸ்தியாயிடுச்சு சார்” என்று மட்டும் சொன்னேன். கொரோனா நேரம், முகக்கவசம், கதவோரம் நின்று இரண்டு நிமிடப் பேச்சு. அவர் பழைய மாத்திரையை மறுபடி தொடங்கி அளவைக் கூட்டினார். என் வாயிலிருந்து வந்ததை வைத்து அவர் வேறென்ன செய்ய முடியும்? அவனும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறை என்னுடையது.

ஏன் சொல்லவில்லை என்று நானே பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஓசிடி என்ற சொல்லோடு நாங்கள் சமாதானமாகிவிட்டிருந்தோம். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால்கூட, “அவனுக்குக் கொஞ்சம் ஓசிடி” என்று சொல்லிவிடலாம். யாரும் ஒதுங்கிப் போக மாட்டார்கள். இன்னொரு சொல் அப்படியில்லை. மனச்சிதைவு என்றால் ஊர் வேறொரு பெயர் வைக்கும். அந்தப் பெயர் வந்துவிடக் கூடாதே என்று முதல் நோயின் பெயரைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். அவன் போன் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டியபோதும் ஓசிடி என்றோம். அவன் அம்மா போட்ட சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தபோதும், அழுக்கென்று நினைக்கிறான், ஓசிடி என்றோம்.

என் மகள் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, வீட்டுக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள் தம்பியோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசினாள். அதட்டவில்லை, வாதாடவில்லை. “ஏன்டா கழுவற?” என்று கேட்டுவிட்டு அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினாள். மறுநாள் “சாப்பாட்ட ஏன் வேணாங்கற?” அதையும் எழுதினாள். “ராத்திரி யாராவது பேசுறாங்களா?” ஆமாம் என்றான். மூன்று பேர், அவர்களில் ஒருவர் பெண் என்றான். ஊரடங்கு தளர்ந்ததும், ஜூலையில், மதுரைக்குப் போனோம். அந்த நோட்டை மருத்துவரிடம் கொடுத்தோம். அவர் நாலு பக்கம் படித்தார். பிறகு அவனிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினார். ஓசிடியோடு மனச்சிதைவும் இருக்கிறது என்றார். 2020 செப்டம்பரில் நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மனச்சிதைவுக்குச் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்று அவர் சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று அவர் விளக்கியதையும், மகள் படித்துச் சொன்னதையும் எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஓசிடி முற்றினால் மனச்சிதைவு ஆகிவிடும் என்பது பொய். இரண்டும் வெவ்வேறு நோய். ஆனால் இரண்டுமே பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்ம வயதிலும் இருபதுகளிலும்தான். இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம், தற்செயலாக வருவதைவிடக் கூடுதலாகவே வருகின்றன. மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஓசிடியும் இருக்கிறது என்கிறார்கள். முழு நோயாக இல்லாமல் கழுவுவது, எண்ணுவது, சரிபார்ப்பது போன்ற அறிகுறிகள் உள்ளவர்கள் அதைவிட அதிகம்.

மறுபக்கத்திலிருந்தும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் குடிமக்களின் மருத்துவப் பதிவுகள் ஒன்றாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. சுமார் 30 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஓசிடி இருந்தவர்களுக்குப் பிற்பாடு மனச்சிதைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு என்று இருந்தது. இதைக் கேட்டதும் என் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். மகள்தான் மீதியைப் படித்தாள். மனச்சிதைவு வந்தவர்கள் 16,000-க்குச் சற்று மேல். அவர்களில் முன்பே ஓசிடி கண்டறியப்பட்டிருந்தவர்கள் 447 பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. “நூறு பேர்ல ஒருத்தருக்குக்கூட வராத நோய்ம்மா. ஏழு மடங்குன்னாலும் ஓசிடி இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு அது வராது” என்றாள். ஆகவே, தங்கள் கட்டுரையைப் படித்து நிம்மதியடைந்த பெற்றோர் அந்த நிம்மதியை வைத்துக்கொள்ளட்டும். கண்ணை மட்டும் மூட வேண்டாம்.

எனக்கு இது பஸ் கணக்கில்தான் புரிந்தது. திண்டுக்கல்லில் ஏறினால் கொடைக்கானல் வண்டியும் பெரியகுளம் வண்டியும் வத்தலக்குண்டு வரை ஒரே சாலையில்தான் போகும். சன்னல் வழியே பார்த்தால் அதே தோப்பு, அதே ஊர்கள். எந்த வண்டி என்று தெரிய வேண்டுமானால் பலகையைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளை சொல்லும் பதில்தான் அந்தப் பலகை. “இது என் மனசு செய்யற வேலை, எனக்கே தெரியுது” என்பது ஒன்று. “அவங்க செய்யறாங்க” என்பது வேறொன்று.

ஆனால் எல்லா நேரமும் இவ்வளவு தெளிவாகப் பலகை இருக்காது என்றும் மருத்துவர் சொன்னார். ஓசிடி மட்டுமே உள்ள சிலருக்கும், நோய் கடுமையாகும்போது, இது நோய்தான் என்ற தெளிவு மங்கிவிடும். கழுவாவிட்டால் நிச்சயம் அம்மா செத்துப்போவாள் என்று முழுக்க நம்புவார்கள். அதற்காக அது மனச்சிதைவு ஆகிவிடாது. அமெரிக்க மனநல வகைப்பாட்டில் 2013 முதல் இதற்கென்றே பிரிவு வைத்து, தெளிவு நன்றாக உள்ளவர், குறைவாக உள்ளவர், அறவே இல்லாதவர் என்று குறிக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஓசிடி பிள்ளைகளுக்கு வரும் எண்ணங்கள் சில சமயம் கேட்கவே பயங்கரமாக இருக்கும். தம்பியைக் கத்தியால் குத்திவிடுவேனோ, கோயிலில் கெட்ட வார்த்தை வருகிறதே என்றெல்லாம் வரும். அது வெறும் ஓசிடியாகவே இருக்கலாம். அப்படி எண்ணம் வருகிறதே என்று அந்தப் பிள்ளைதான் அதிகம் துடிக்கும். எனவே முடிவு சொல்வது நம் வேலை இல்லை. கேட்பதும், கேட்டதை அப்படியே கொண்டுபோய்ச் சொல்வதும்தான் நம் வேலை. மருத்துவர் பதினைந்து நிமிடம் பார்க்கிறார். நாம் நாள் முழுக்கப் பார்க்கிறோம்.

அடுத்து நடந்ததை எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய நாள் கொடுத்தும் குரல்கள் நிற்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் குளோசபின் என்ற மருந்து. 2022-ல் தொடங்கினார்கள். நல்ல மருந்து, ஆனால் சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. அப்புறம் இடைவெளி கூடும். செவ்வாய்க்கிழமைதோறும் விடிகாலை வண்டியில் அவனைக் கூட்டிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, பதினொரு மணி ட்யூட்டிக்கு ஓடுவேன். நாலைந்து மாதத்தில் குரல்கள் அடங்கின. கேமராவின் மேலிருந்த பிளாஸ்திரியை அவனே பிய்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு உட்கார்ந்து கறிக்குழம்பு ஊற்றி இரண்டாம் முறை சாதம் வாங்கினான். என் மனைவி அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

அதற்கு அப்புறம் சில மாதத்தில் கேஸ் குமிழைத் திருகிப் பார்க்க ஆரம்பித்தான். ஏழு முறை. பிறகு வாசல் பூட்டு. பிறகு, மறுபடியும், கழுவுதல்.

எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. எல்லாம் திரும்பி வந்துவிட்டது, மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுகட்டினோம். இவ்வளவு ரத்தம் எடுத்ததும் வீண் என்று ஒரு உறவினர் சொன்னார். மூன்று நாள் மாத்திரையை நிறுத்தினோம். செய்யவே கூடாத காரியம். குளோசபினை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பவும் கூடும். மூன்றாம் நாள் ராத்திரி அவனுக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் காலை மதுரைக்கு ஓடினோம்.

மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. அவனைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். “எதுக்குக் கழுவறீங்க தம்பி?”

“கையில ஒண்ணும் இல்லன்னு எனக்கே தெரியுது சார். ஆனா கழுவாம இருக்க முடியல. பழைய மாதிரி வருது.”

அவர் என் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா?” என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து வருடத்துக்கு முன் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அதே பதில். பையன் திரும்பி வந்திருக்கிறான். எங்களை நடுங்க வைத்தது மனச்சிதைவு இல்லை, பழைய ஓசிடி. அதிலும் குளோசபினே இதைக் கிளப்பிவிடக்கூடிய மருந்து என்றார். மனச்சிதைவுக்கு மிக நன்றாகக் கேட்கும் அதே மருந்து, சிலருக்கு ஓசிடி அறிகுறிகளைப் புதிதாக உண்டாக்கும், ஏற்கெனவே இருந்தால் கூட்டும். ஓலன்சபின் போன்ற வேறு சில மருந்துகளிலும் இது நடப்பதுண்டு. தெரிந்திருந்தால் மூன்று நாள் நிறுத்தியிருப்போமா?

அன்று இன்னொரு விபரீதமும் நடக்காமல் போனது. பழைய ஃப்ளூவாக்சமின் அட்டைகள் இரண்டு, வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தன. “முன்னாடி இதுதான் சார் கேட்டுச்சு, இதையே குடுக்கலாமா?” என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கித் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். ஃப்ளூவாக்சமின், குளோசபின் உடம்பிலிருந்து கழிவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடுமாம். மருத்துவர் கணக்குப் பார்த்து, ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுப்பது வேறு. நானாக டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பது வேறு. இரண்டு நோயும் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், பழைய மாத்திரை ஒன்றுகூட மிச்சம் வைக்காதீர்கள்.

குளோசபினை மறுபடி அடியிலிருந்து தொடங்கி, இந்த முறை முன்பைவிடச் சற்றுக் குறைந்த அளவில் நிறுத்தினார். கூடவே வேறொரு மருந்து சேர்த்தார். வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் அனுப்பினார். எதைத் தொடப் பயமோ அதைத் தொட வைத்து, கழுவாமல் உட்காரப் பழக்குவது ஓசிடிக்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. குரல்கள் அடங்கி, அவன் நிலை சீராக இருந்ததால்தான் இதைத் தொடங்க முடிந்தது. அவர் முதல் நாள் கொடுத்த வீட்டுப்பாடம், என் தோல் பையின் வாரை ஒரு விரலால் ஒரு நிமிடம் தொட்டுக்கொண்டிருப்பது. நான் கடிகாரம் பார்த்தேன். அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்து மூக்கு வழியே இறங்கியது. ஒரு நிமிடம் ஆனதும், “இன்னும் கொஞ்ச நேரம் வச்சுக்கிறேன்ப்பா” என்றான்.

இன்று ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறான். காலை பத்து முதல் மாலை நாலு வரை. முழுக்கக் குணமாகிவிட்டான் என்று நான் எழுத மாட்டேன். ரூபாய் நோட்டை இன்னும் தொடுவதில்லை, எல்லாம் ஜீபேதான். தூக்கம் கெட்டால் நாங்கள் உஷாராகிவிடுவோம். மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்கிறான். அந்தக் கோடு போட்ட நோட்டு மூன்றாவது நோட்டாகிவிட்டது. இப்போது அதில் எழுதுவது அவனேதான்.

தங்களிடம் சில வேண்டுகோள்கள்.

மனநலம் பற்றி எழுதுகிறவர்கள் நோய்களைத் தனித்தனி டப்பாவில் அடைத்து எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்தாண்டுகளுக்கு முன், 2015-16-ல், தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். மனநோய் உள்ளவர்களில் பெரும்பான்மையினர் சிகிச்சைக்கே வரவில்லை என்பதுதான் அதில் வெளிவந்த பெரிய செய்தி. அப்படியிருக்க, வந்து சேர்ந்த எங்களைப் போன்றவர்களாவது பாதி விவரத்தோடு நின்றுவிடக் கூடாது.

தலைப்புகளில் “சைக்கோ வாலிபர்” என்று போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தங்கள் நாளிதழில் மட்டும் இல்லை, எல்லா நாளிதழ்களிலும் பார்க்கிறேன். 2021-ல் ஒருநாள் டெப்போவில் அப்படி ஒரு தலைப்பை ஒரு நண்பர் உரக்கப் படித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பையனை மதுரைக்குக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்த வாரம் அது. அந்தத் தலைப்பு எங்களை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட வைத்தது என்பது உண்மை. ஜப்பானில் மனச்சிதைவு நோயின் பெயரே “மனம் பிளந்த நோய்” என்ற பொருளில் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதன்பேரில், ஒருங்கிணைப்பு குறைந்த நிலை என்ற பொருளில் 2002-ல் மாற்றினார்கள். நம் பெயரிலும் சிதைவு இருக்கிறது. அதை மாற்றுவது பெரியவர்கள் கூடிப் பேச வேண்டிய காரியம். தலைப்பை மாற்றுவது தங்கள் கையிலேயே இருக்கிறது.

மனநலக் கட்டுரை எது வந்தாலும் கீழே 14416 என்ற எண்ணைப் போடுங்கள். டெலி மனாஸ் சேவை, 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுக்கிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பேருந்தில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கே அது தெரியாது.

இடம் போதாவிட்டால் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பஸ் சங்கதி, ஜப்பான் சங்கதி எதை வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இருபது ரூபாய் நோட்டைப் பற்றி எழுதிய இடத்தையும், குளோசபினை மூன்று நாள் நிறுத்தியதை எழுதிய இடத்தையும் மட்டும் வெட்டாமல் போடுங்கள். மகனும் அதைத்தான் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்.